வைஃபைக்கு பாஸ்வேர்டு போட்டாயிற்று, ஆதார் நகல்கள் எங்கே கிடக்கின்றன?

புதுச்சேரியில் லாட்ஜுக்குப் போனாலும் சரி, ஸ்கூட்டர் வாடகைக் கடைக்குப் போனாலும் சரி, முதலில் கேட்பது ஆதார் அல்லது லைசென்ஸ். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் டோக்கன் வாங்கவும் கைபேசி எண் தர வேண்டியிருக்கிறது. இந்த விவரங்களை எப்படிப் பத்திரப்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “வைஃபைக்கு பாஸ்வேர்டு இருக்கு சார், ஆன்டிவைரஸும் போட்டாச்சு.” இந்த நிம்மதிதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

நெட்வொர்க் பாதுகாப்பு என்பது அனுமதி இல்லாதவர் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது. தனியுரிமை அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கிறது: அனுமதியோடு உள்ளே இருப்பவர் அந்தத் தகவலை எதற்கு வாங்கினார், என்ன செய்கிறார், எத்தனை நாள் வைத்திருப்பார்? வேலியே பயிரை மேய்ந்தால், வெளியாளைத் தடுக்கும் ஃபயர்வால் என்ன செய்யும்? அதே சமயம், வேலியே போடாமல் ‘உங்கள் தகவல் ரகசியமாக வைக்கப்படும்’ என்று எழுதி ஒட்டினாலும் பயனில்லை.

ஒரு லாட்ஜ் ரிசப்ஷனை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமைக் கூட்டம். “ஆதாரை இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க” என்கிறார் அங்கிருப்பவர். வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும்படி மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகின்றன. வழியில் யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. நெட்வொர்க் கணக்கில் பார்த்தால் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. ஆனால் படம் போய்ச் சேர்ந்தது ஊழியரின் சொந்த போனில். அது தானாக கேலரியில் உட்கார்ந்துகொள்கிறது. கேலரி அவருடைய கூகுள் கணக்குக்கு பேக்கப் ஆகிறது. அதே கணக்கு வீட்டில் பிள்ளைகள் வீடியோ பார்க்கும் டேப்லெட்டிலும் திறந்திருக்கிறது. அப்புறம் ஒருநாள் அவர் வேலையை விட்டுப் போகிறார். தங்கிப்போன அத்தனை பேரின் ஆதாரும் அவரோடு போகிறது. ஹேக்கர் யாரும் வராமலே எல்லாம் வெளியே போய்விட்டது.

தங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதும், வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் கொடுப்பதும் செய்தே ஆக வேண்டியவை. அதற்கு மேல் நாமாகச் சேர்த்து வைக்கும் நகல்கள்தான் வினை. கடைக்கென்று தனி போன் வையுங்கள். அதில் படங்கள் தானாகச் சேமிக்கப்படுவதையும் பேக்கப் ஆவதையும் நிறுத்துங்கள். ஆதாரில் முதல் 8 இலக்கங்களை மறைத்துக் கடைசி 4 மட்டும் காட்டும் வடிவத்தை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். விருந்தினர் அதைக் காட்டினால் முகம் சுளிக்காதீர்கள். கையில் இல்லாத தகவல் எந்தக் காலத்திலும் கசியாது.

பிரவுசிங் சென்டர் நிலைமை இதைவிட மோசம். புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கையை நடத்தும் சென்டாக்கின் விண்ணப்பக் காலத்தில் போய்ப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் பாஸ்புக் எல்லாமே கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் போல்டரில் மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்து வந்து உட்காருபவர் போல்டரைத் திறந்தால் போதும், ஒரு குடும்பத்தின் முழு விவரமும் கிடைத்துவிடும். அதில் பலர் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் என்பதுதான் எனக்கு மனம் பொறுக்காத விஷயம். இரவு கடையைச் சாத்துவதற்கு முன் அந்த போல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. வாட்ஸ்அப் வெப்பையும் லாக் அவுட் செய்துவிடுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. விவரங்களை யாருக்கும் தரமாட்டோம் என்று உறுதியாக இருக்கும் கடைக்காரர், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையிலேயே பில்லிங் கம்ப்யூட்டரையும் சிசிடிவி காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியையும் இணைத்து வைத்திருப்பார். ஓரத்து மேசையில் காபி குடிப்பவரின் லேப்டாப்பும் கடையின் கணக்கும் அப்போது ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன. இன்றைய ரூட்டர்கள் பலவற்றில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்ற வசதி இருக்கிறது. விருந்தினரை அதற்கு மாற்றிவிடுங்கள். கேமரா மாட்டியவர் விட்டுப்போன பழைய பாஸ்வேர்டையும் அன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்), கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களிலும் ரூட்டர்களிலும் நுழைந்துதான் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. நம் கடை சின்னக் கடை, நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம் அங்கே செல்லாது. அந்த நிரல் யாரையும் பெயர் பார்த்துத் தேடவில்லை, திறந்திருந்த எல்லாவற்றிலும் நுழைந்தது.

பாதுகாப்பு என்ற பெயரில் அளவுக்கு மீறிச் சேர்ப்பதும் தவறுதான். ரிசப்ஷன் கேமரா பதிவேட்டின் பக்கத்தைப் படிக்கும் அளவுக்குக் கீழ்நோக்கி இருக்க வேண்டுமா? வைஃபை தருவதற்குப் பிறந்த தேதி எதற்கு?

பொதுமக்கள் செய்யும் தவறுகளில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் தெரிந்தால் நம்பகமான தளம் என்று நினைக்க வேண்டாம். இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது, மோசடித் தளங்களும் அந்தப் பூட்டை வாங்கிவிடுகின்றன. நம் இணையப் போக்குவரத்தை வேறொருவர் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் போட்டால், இணைய நிறுவனத்துக்கு நீங்கள் போகும் தளங்கள் தெரியாது, சரி. விபிஎன் நடத்துபவருக்குத் தெரியுமே. இலவசமாகத் தருபவர் அதை வைத்து என்ன செய்வார் என்று யோசியுங்கள்.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வரும். இந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது: தகவலுக்குத் தகுந்த பாதுகாப்பு செய்ய வேண்டும், வாங்கிய காரியம் முடிந்ததும் அதை அழிக்கவும் வேண்டும். பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். காகித ஜெராக்ஸ் அப்படியே காகிதமாக இருக்கும்வரை இந்தச் சட்டத்துக்குள் வராது. அதையே போனில் படம் எடுத்துவிட்டால் வந்துவிடும்.

கடைசியாக, கசிவு தெரிந்ததும் பதறிப்போய் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யாதீர்கள். எப்படி நடந்தது என்பதற்கான தடயம் அதோடு போய்விடும். முதலில் நெட் இணைப்பைத் துண்டியுங்கள். கம்ப்யூட்டரை அப்படியே வைத்துவிட்டு, விவரம் அறிந்த ஒருவரை வரவழையுங்கள். யார் யாருடைய விவரம் போயிருக்கிறதோ அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வங்கியை எச்சரிக்கவும், ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கவும் அப்போதுதான் அவகாசம் கிடைக்கும். யாருக்காவது பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யச் சொல்லுங்கள். தாமதமாகத் தாமதமாகப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிக்கொண்டே இருக்கும்.