காட்டில் வழி தவறினால்: மலையேறப் போகும் புதியவர்களுக்கு

காட்டில் பிழைத்திருப்பது எப்படி என்று யூடியூபில் தேடினால் கட்டையோடு கட்டையை உரசித் தீ மூட்டுவதும், ஈட்டி செதுக்கி மீன் குத்துவதும்தான் முதலில் வரும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அதெல்லாம் உதவாது, மாட்டிக்கொண்டால் வழக்கும் வரும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். போதைப்புல் என்ற மலைப்புல் காய்ந்தால் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீயில் பார்த்தோம். மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேடி ஆள் வரும்வரை நனையாமல், அடிபடாமல் ஒரு இரவைக் கழிக்கத் தெரிய வேண்டும். புதியவருக்கு முதல் பாடம் அவ்வளவுதான்.

1. கிளம்பும் முன்

வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். 2024-இல் 40 வழித்தடங்களோடு தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் வழிகாட்டியோடு போகலாம். பழக அதுவே நல்ல இடம். எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: விசில், டார்ச், தண்ணீர், குளோரின் மாத்திரை, இரண்டுக்கு மூன்று மீட்டர் தார்ப்பாய், பத்துப் பதினைந்து மீட்டர் நைலான் கயிறு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஸ்வெட்டர். விசிலைக் கழுத்தில் மாட்டுங்கள். பை ஒரு பக்கம் உருண்டு போனாலும் விசில் உங்களிடம் இருக்கும்.

2. சந்தேகம் வந்ததும் உட்காருங்கள்

‘இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம்’ என்று நடப்பதில்தான் சின்னத் தவறு பெரிதாகும். பையை இறக்கி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் உட்காருங்கள். கடைசியாகத் தெளிவாகத் தெரிந்த இடம் எது? வந்த தடம் கண்ணுக்குத் தெரிந்தால் அதிலேயே திரும்புங்கள். தெரியாவிட்டால் அங்கேயே இருங்கள்.

பாசி படர்ந்த பக்கம் வடக்கு என்பார்கள். சோலைக்காட்டுக்குள் மரத்தைச் சுற்றிலும் பாசிதான். ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்பார்கள். இங்கே அதற்கு முன் அருவி வந்துவிடும், வழுக்குப் பாறையும் சேர்ந்து.

3. ஆள் கூப்பிடுவது

மூன்று முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி மூன்று. மூன்று என்பது ஆபத்துக்கான அடையாளம். அவசர உதவி எண் 112-ஐ அழைத்துப் பாருங்கள். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் டவர் வழியாக இணைப்பு கிடைக்கக்கூடும். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும்.

4. இருட்டும் முன் கூரை

கையை நீட்டி, மலை முகட்டுக்கும் சூரியனுக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். ஒரு விரல் ஏறக்குறைய கால் மணி நேரம். நான்கு விரல்தான் இடம் இருக்கிறது என்றால் மற்ற வேலையை விட்டுவிட்டுக் கூரையைக் கட்டுங்கள்.

ஓடைப் படுகை வேண்டாம், மேலே மழை பெய்தால் காட்டாறு சொல்லாமல் வரும். அகலமாக மிதிபட்ட தடமும் அதில் ஈரம் காயாத லத்தியும் இருந்தால் அது யானை வழி, தள்ளிப் போய்விடுங்கள். அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை தொங்காத இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு மரங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் கயிறு கட்ட வேண்டும். ஒரு முனையை முதல் மரத்தில் இறுக்கி முடியுங்கள். இரண்டாவது மரத்துக்கு ஒரு முழம் முன்னால் கயிற்றை மடித்து ஒரு சுருக்கு வளையம் போடுங்கள். மீதிக் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்த வளையத்துக்குள் விட்டு, மரத்தை நோக்கிப் பின்னால் இழுங்கள். லாரியில் பாரம் கட்டுகிறவர்கள் இப்படித்தான் இழுப்பார்கள்; கயிறு தெறிக்கிற மாதிரி விறைத்துக்கொள்ளும். நழுவாமல் வளையத்தின் அடியில் விரலால் அழுத்திப் பிடித்து இரண்டு முடிச்சு. அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு, காற்று வரும் பக்கம் தரையோடு தாழ்த்தி, ஓரங்களில் கல் வையுங்கள்.

தரையைக் குச்சியால் கிளறிப் பார்த்த பிறகே உட்காருங்கள், பையின் மேல். நனைந்த பருத்திச் சட்டையைக் கழற்றி ஸ்வெட்டரை மாட்டிக்கொள்ளுங்கள். கொடைக்கானல் உயரத்தில் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

5. தண்ணீர்

கலங்கலாக இருந்தால் நாலாக மடித்த துணியில் வடிகட்டி, அட்டையில் சொன்ன அளவுக்குக் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுங்கள். சாப்பாடு? ஒரு நாள் பட்டினி யாரையும் கொல்லாது, தெரியாத பழம் கொல்லலாம்.

6. பாம்பு கடித்தால்

கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள், 108-க்கும் சொல்லுங்கள். விஷமுறிவு மருந்துதான் சிகிச்சை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து என்பதால் பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கட்டு விரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம், அதனால் வலி இல்லை என்று காத்திருக்காதீர்கள்.

7. வீட்டில் பழகுங்கள்

மழை நாளில் மொட்டை மாடித் தூண்களில் அந்தக் கயிற்றைக் கட்டி, கூரைக்கு அடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டு அதே முடிச்சைப் போட்டுப் பாருங்கள்.