கூத்துக்குப் பிற்பாட்டு பழக்குதல்

மட்டக்களப்புக் கூத்தில் கூத்தர் ஆடிக்கொண்டே பாட்டுப் படிக்கிறார். ஒரு வரி முடியும்போது அவருக்கு இரைக்கத் தொடங்கிவிடும். அந்த வரியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் படிக்கும் நேரத்தில்தான் அவர் மூச்செடுத்து அடுத்த ஆட்டத்தைப் பிடிக்கிறார். ஆகவே ஆள் சேர்க்கும்போது இனிய குரலைத் தேடி அலைய வேண்டாம். வரியை முந்தாமல், பிந்தாமல் வாங்கும் காது இருந்தால் போதும். முன்பு அதே கூத்தை ஆடியவர் கிடைத்தால் விடாதீர்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று அவருக்கு உடம்பாலேயே தெரியும்.

மத்தளம் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் கையில். சல்லரி என்ற கைத்தாளத்துக்கு ஒருவர், கூத்துப் பாட்டு எழுதிய கொப்பி பார்க்க ஒருவர், பிற்பாட்டுக்கு மூன்று நான்கு பேர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி மேடையேற்றிய பிறகு வழக்கத்துக்கு வந்த ஒன்றிரண்டு மணி நேரக் கூத்துக்கு இது தாராளம். விடிய விடிய ஆடுவதென்றால் மாறிப் படிக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும்.

கூத்தருக்கு அவரவர் பாத்திரத்தைப் பிரித்து, சட்டம் கொடுக்கும் நாளிலேயே பிற்பாட்டுக்காரரையும் கூப்பிடுங்கள். கடைசி ஒத்திகையான அடுக்குப் பார்க்கும்போது வந்தால் போதும் என்று விடுவதுதான் பல ஊர்களில் நடக்கிற பிழை. சுருதியை இருந்த இடத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. கூத்தர் களத்துக்குள் வரும் ஆட்டமான வரவு முழுவதையும் ஆடவிட்டு, அந்த இரைப்போடு ஒரு தரு, அதாவது தாளத்தோடு வரும் பாட்டு, படிக்கச் சொல்லுங்கள். அப்போது நிற்கிற சுருதிதான் அவருடையது. இருந்து படித்த சுருதியை எடுத்தால் மூன்றாவது பாட்டிலேயே மேலே போகும் இடத்தில் குரல் உடையும். ஆளுக்கு ஆள் சுருதி மாறும்; மாற வேண்டியது பிற்பாட்டு, கூத்தர் அல்ல.

முதல் வாரம் மத்தளத்தைத் தொடவே வேண்டாம். சொல் மட்டும். கொப்பியைப் பார்த்துப் பார்த்து எழுதியதில் சொற்கள் உடைந்து, ஒட்டிக் கிடக்கும், அதைத் திருத்துங்கள். முழுப்பாட்டையும் திருப்பிப் படிப்பதா, கடைசி வரியை மட்டுமா என்பது மோடிக்கும் (வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகை) ஊருக்கும் ஏற்ப மாறும். பாட்டுக்குப் பாட்டு சிவப்புப் பேனையால் குறித்துவிடுங்கள். பிறகு தாளக்கட்டை வாயால் சொல்லிக் கைதட்டிப் பழக்கி, சல்லரியைச் சேர்த்து, கடைசியில் மத்தளம். தொடக்கத்திலேயே மத்தளம் அடித்தால் அதன் சத்தத்துக்குள் எல்லாப் பிழையும் ஒளிந்துகொள்ளும். தாளமில்லாமல் படிக்கும் விருத்தம் முடிந்து தரு தொடங்கும் சந்தியைத் தனியாக எடுத்துப் பழக்குங்கள், குழம்புவது அங்கேதான்.

கூத்தாடும் களரியில் அண்ணாவியாருக்குக் கை காட்ட வழியில்லை, இரண்டு கையும் மத்தளத்தில். அவர் கண் கூத்தரின் காலில், சல்லரிக்காரர் கண் அண்ணாவியாரின் கையில், பிற்பாட்டுக்காரர் காது சல்லரியில். இந்தச் சங்கிலி அறுந்தால் பாட்டு ஓடத் தொடங்கும், அதாவது வேகம் கூடிவிடும். வரி முடியுமுன் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறி, கடைசியில் கூத்தர் ஆட்டத்தைச் சுருக்க வேண்டி வரும். ஒரே தருவைப் பத்துத் தடவை ஆடவிட்டுப் பாருங்கள். பத்தாவதில் கால் நெருக்கினால், பிழை பிற்பாட்டிலா சல்லரியிலா என்று பிரித்துத் தேடலாம்.

ஒலிபெருக்கி கட்டினால் இன்னொரு சிக்கல். குழாய் ஸ்பீக்கர் 34 மீற்றர் தள்ளி இருந்தால் சத்தம் செக்கனில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வரும். அதைக் கேட்டுப் படித்தால் பிற்பாட்டு இழுபடும். பக்கத்தில் நின்று மத்தளத்தையே கேட்க வேண்டும்.

பெரும்போக வெட்டு முடிந்த கையோடு ஆடும் கூத்தில் நடுச்சாமத்துக்குப் பிறகு பனி இறங்கும். மத்தளத் தோல் இளகிச் சுருதி இறங்க, பிற்பாட்டும் தெரியாமலே கூட இறங்கிவிடும். நெருப்பில் தள்ளிப் பிடித்து மெல்லச் சூடு காட்டுங்கள். கிட்டப் பிடித்தால் தோல் வெடிக்கும். இன்னொரு மத்தளம் கையில் இருந்தால் நிம்மதி. தொண்டைக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி, ஐஸ் தண்ணி ஆகாது.

அண்ணாவியாராக ஆசைப்படும் பொடியன் கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமோ இசையோ படித்தவனாகவும் இருக்கலாம். மத்தளம் கேட்டால் முதலில் கொப்பியைக் கொடுங்கள். ஒரு கூத்து முழுக்கக் கொப்பி பார்த்தபின் சல்லரி. சல்லரியில் ஓடாமல் ஒரு இரவைக் கடந்தால் மத்தளத்தைக் கொடுக்கலாம்.