விறகு அடுப்புக்கு ஓடு பதித்த திட்டு அமைக்கும் முறை

திருநெல்வேலிச் சீமையில் எரிவாயு வந்த பிறகும் விறகு அடுப்பு புறவாசலை விட்டுப் போய்விடவில்லை. நெல் அவிக்கவும், வெந்நீர் போடவும், கோயில் கொடைக்கு வரும் உறவினருக்குப் பெரிய பானையில் சோறு வடிக்கவும் அது இன்றும் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த அடுப்பைச் சிமெண்டுத் தளத்தின் மீதோ, பளபளப்பான டைல்ஸ் மீதோ அப்படியே வைத்துவிடுகிறார்கள். தளத்துக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தளத்தைப் பெயர்க்கிறது. டைல்ஸ் படீரென்று வெடித்துத் தெறிக்கிறது. சிமெண்டுக் கலவை 400 பாகை செல்சியஸுக்கு மேல் வலுவிழந்துவிடும். விறகின் கங்கோ அதைவிடச் சூடானது. ஆகவே தளத்துக்கும் நெருப்புக்கும் இடையே தனித் திட்டு ஒன்று அவசியம்.

குளிர் நாடுகளில் மரத்தளம் தீப்பிடிக்காமல் இருக்கத்தான் இத்தகைய திட்டுகளைக் கட்டுகிறார்கள். நம் வீடுகளின் தரைத்தளத்தில் அந்த அபாயம் இல்லை. இருப்பினும் பழைய வீடுகளின் மச்சில், பனைவிட்டங்களின் மேல், எவ்வளவு நல்ல திட்டு கட்டினாலும் விறகு அடுப்பை வைக்கவே கூடாது. நாள்பட்ட சூட்டில் மரம் உள்ளுக்குள் கருகி, பின்னர் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளக்கூடும். ஓலைக் கூரையின் கீழும் வேண்டாம். ஓடோ தகரமோ வேய்ந்து, குறைந்தது இரு பக்கமாவது திறந்திருக்கும் சாய்ப்பே தக்க இடம், புகையும் தங்காது.

இடத்தைத் தேர்வதில் காற்றை மறந்துவிடக் கூடாது. கிழக்கு நோக்கி அமர்ந்து சமைப்பது வழக்கம் என்பதால் அடுப்பின் வாய் மேற்கு நோக்கி அமைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கங்களில் ஓங்கி அடிக்கும்போது, அது நேரே அடுப்பு வாய்க்குள் புகுந்து தீயையும் பொறியையும் பின்னால் தள்ளும். மேற்கே சுவர் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் இடுப்பளவுத் தடுப்புச் சுவராவது எழுப்பிக்கொள்ள வேண்டும்.

அளவைக் கணக்கிடுவது எளிது. அடுப்புக்கு முன்னே, விறகு நீட்டிக்கொண்டிருந்து கங்கு உதிரும் பக்கத்தில், ஒன்றரை அடியும் மற்றப் பக்கங்களில் முக்கால் அடிக்குக் குறையாமலும் திட்டு நீண்டிருக்க வேண்டும். ஓடுகளை வெட்டாமல் பதிக்கும்படி அந்த அளவைத் திருத்திக்கொள்வது நல்லது. 9 அங்குலச் சதுரத் தட்டோடு (சுட்ட மண்ணாலான தட்டை ஓடு) வரிசைக்கு ஐந்து, இடையே கால் அங்குலச் சந்து என்று வைத்தால் 46 அங்குலம் வரும். சிறிய வீட்டு அடுப்புக்கு 46 அங்குலச் சதுரம் தாராளமாகப் போதும். இதற்கு 25 ஓடுகள் வேண்டும்; உடைவுக்காக 30 வாங்கலாம். அடியில் படுக்கையாக அடுக்க 50 செங்கல் போதும்.

பளபளப்பான டைல்ஸ் அதிகச் சூட்டில் வெந்ததுதானே, தாங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. சூட்டை அது தாங்கும். ஆனால் ஒரு மூலை கொதிக்க, மறுமூலை குளிர்ந்திருப்பதைத் தாங்காது. கடப்பா கல்லும் அடுக்கடுக்காகப் பெயரும். நன்றாக வெந்த தட்டோடே இதற்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. விரல் கணுவால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பதை ஒதுக்கிவிடலாம்.

தரையைக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொள்ள வேண்டும். திட்டு தரையோடு ஒட்டாமல் தனியே சூட்டில் விரிந்து சுருங்கவும், பிற்காலத்தில் தரைக்குச் சேதமின்றி எடுக்கவும் இது உதவும். செங்கல்லைத் தண்ணீரில் போட்டு, கொப்புளம் வருவது அடங்கும் வரை ஊறவைக்க வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சி, பிடிப்பைக் கெடுத்துவிடும். கலவைக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மணல் இரு பங்கு. செங்கல் தூள் கிடைக்காத இடத்தில் சிமெண்டு ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, எம்-சாண்ட் ஆறு. கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது ஆகாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொட வேண்டாம்.

செங்கல் வரிசையை ரசமட்டம் பார்த்து அடுக்கி, சுவர்ப்பக்கம் அரை அங்குலம் இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியைக் கலவையால் அடைத்துவிட்டால் சூட்டில் விரியும் திட்டு சுவரை முட்டி வெடிப்பு கண்டுவிடும். மறுநாள் முக்கால் அங்குலக் கலவை விரித்து, ஊறவைத்த ஓடுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் பதிக்க வேண்டும். கடையில் விற்கும் சாதாரண டைல்ஸ் பசை சூட்டில் பிடியை விட்டுவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வோர் ஓட்டையும் மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, அடியில் வெற்றிடம் இருந்தால் எழும் பொள்ளல் ஒலியைக் கவனித்து, அப்படி ஒலிப்பதைத் தூக்கி மீண்டும் பதிக்க வேண்டும். சந்துகளை அதே கலவையைச் சலித்து நிரப்பலாம்.

அவசரமே பெரும்பாலான திட்டுகளைக் கெடுக்கிறது. ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தி நனைத்து, அதன்பின் குறைந்தது மூன்று வாரம் காயவிட வேண்டும். சாரல் காலத்தில் இன்னும் கூடுதலாகும். முதல் சில நாட்கள் சுள்ளி மட்டும் எரித்து, திட்டு இளஞ்சூடாக இருக்கும்போதே அணைத்துவிட வேண்டும். கால் வைத்த இரும்பு அடுப்பானால் அடியில் நாலு விரற்கடைக் காற்றிடம் இருக்கட்டும். காருகுறிச்சியில் வாங்கிய மண் அடுப்பானால், ஓட்டின் மேல் ஓர் அங்குலம் சலித்த சாம்பல் பரப்பி, கலவையின்றிச் செங்கல் அடுக்கி, அதன்மேல் அடுப்பை வைக்கலாம்.

நீறு பூத்த கங்கு மறுநாள் காலை வரை உயிரோடிருக்கும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். திட்டு முற்றிலும் ஆறிய பின்னரே ஈரத்துணியால் துடைக்கலாம். ஓடு விரிசல் விட்டால் அதைச் சுற்றியுள்ள சந்துக் கலவையை உளியால் சுரண்டி, அந்த ஒன்றை மட்டும் பெயர்த்து மாற்றிக்கொள்ளலாம்; மீந்த ஐந்து ஓடுகளையும் வாங்கிய அன்றே பத்திரப்படுத்துவது இதற்காகத்தான்.