ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணும், அதை மாட்டியிருக்கும் ஆளும்

அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் என்பதால் எங்கள் வீட்டில், விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எப்போதும் கட்டில் பக்கத்திலேயே இருக்கும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: உடம்பு நன்றாக இருக்கும்போதே சில நாள் காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். வழக்கமான அளவு தெரியாவிட்டால், காய்ச்சல் வந்த ராத்திரியில் 93 என்பது இறங்கி வந்த எண்ணா, எப்போதும் உள்ளதா என்று புரியாது.

அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், விரல் சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். விரலுக்குள் பாயும் ஒளியை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது. ரத்த ஓட்டம் குறைந்தாலும் கை ஆடினாலும் கணக்கு தப்பிவிடும். மாட்டியதும் வரும் எண்ணை நம்பாமல், அது ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள்.

திரையில் இரண்டு எண்கள் வரும்: ஒன்று ஆக்சிஜன், இன்னொன்று நாடித் துடிப்பு. பதற்றத்தில் இவை மாறிப்போகும். கருவியைத் தலைகீழாகப் பார்த்தால் 98 என்பது 86 போலத் தெரியும். 86 இருந்தால் 98 என்று தெரியும், அதுதான் பயங்கரம். எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

நுரையீரல் நோய் இல்லாத பெரியவர்களுக்கு 95 முதல் 100 வரை சரி. 93, 94 என்றால் வேறு விரலில் மாட்டிப் பாருங்கள். அப்படியே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். 92 அல்லது அதற்குக் கீழே போனால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அப்பா மாதிரி நோயாளிகள் சிலருக்கு 88 முதல் 92 வரையே டாக்டர் வைக்கும் இலக்கு. அவர்களுக்கு எண் குறைகிறதே என்று வீட்டு ஆக்சிஜனை நாமாகக் கூட்டக் கூடாது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

ஆனால் எண்ணைவிட ஆள்தான் முக்கியம். ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு வலிக்கிறது, பேச்சு குழறுகிறது, எழுப்பினாலும் தூங்கி வழிகிறார் என்றால் 97 காட்டினாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். மூடிய அறையில் புகையில் மாட்டிக்கொண்டவருக்கு, கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் நல்ல எண்ணையே காட்டும்.

மூச்சையும் எண்ணுங்கள். அவருக்குத் தெரியாமல், வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பாருங்கள். ஓய்வில் 12 முதல் 20 வழக்கம். 25 தொட்டால் எனக்குப் பயம்தான், தாமதிக்க மாட்டேன்.

டாக்டரைக் கூப்பிடும்போது நோட்டு கையில் இருக்கட்டும். இப்போதைய எண், வழக்கமான எண், எப்போதிலிருந்து இறங்கியது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் ஓடினால் எத்தனை லிட்டர் என்று சொல்லுங்கள்.