இரும்பு கேட்டில் பழஞ்செம்பு நிறம் கொண்டுவருவது எப்படி

கேட்டுக்குத் தங்க நிறம் அடிப்பது இப்போது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. பூ, முனை, கம்பி, கைப்பிடி என்று ஒன்று விடாமல் பளபளவென்று அடித்துவிட்டு, வீட்டு வாசல் ஏன் கல்யாண மண்டப வாசல் மாதிரி தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? நிறத்தில் தப்பில்லை, எல்லா இடத்திலும் ஒரே நிறம் என்பதுதான் தப்பு. சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க ஒரு ஆக்ஸிடைஸ்டு கொலுசு போதும். அதில் பள்ளத்தில் கருப்பு தங்கியிருக்கும், மேடு மட்டும் வெள்ளியாகப் பளிச்சிடும், வேலைப்பாடு கண்ணுக்குத் தெரிவதே அந்தக் கருப்பால்தான். கேட்டிலும் அதையேதான் செய்யப்போகிறோம். முழுக்க இருட்டாக ஒரு நிறம் கொடுத்துவிட்டு, மேடுகளில் மட்டும் செம்பைத் தொட்டுவிடுவது.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன உலோகம் என்று பாருங்கள். சாதா இரும்பு, வார்ப்பிரும்பு என்றால் கவலையில்லை. துத்தநாகம் பூசிய இரும்பான ஜிஐ பைப்பு, ஜிஐ தகடு என்றால் கொஞ்சம் நில்லுங்கள். மேலே இருக்கிற அந்தத் துத்தநாகப் பூச்சோடு எனாமல் பெயிண்டில் உள்ள எண்ணெய்ப் பொருள் வினைபுரிந்து மெல்ல சோப்பாக மாறும், பிடிப்பு போய் பெயிண்ட் தோல் தோலாக உரியும். பெயிண்டுக்கு அடியில் போடுகிற ரெட் ஆக்ஸைடு பிரைமரை அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் கடையில் கிடைக்கும் சாதா ரெட் ஆக்ஸைடும் அதே எண்ணெய் வகைதான். ஜிஐ-க்கென்று இருக்கிற எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ கேட்டு வாங்குங்கள், அலுமினியத்துக்கும் இந்த மாதிரிப் பிரைமர்தான். எஸ்எஸ் என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டை விட்டுவிடுங்கள். நம்ம ஊர் உருக்காலையே ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குப் பேர் போனது, அதன் அழகே அந்த மினுமினுப்பு, அதை மூடி மேலே செம்பு வரைவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

இனி சுத்தம். தேய்ப்பதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும், இந்த வரிசை முக்கியம். பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால் அதை இரும்புக்குள்ளேயே தேய்த்து ஏற்றியது போலாகும். பனியன் வேஸ்ட் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்து, துணியைத் திருப்பித் திருப்பி மாற்றுங்கள். அப்புறம் கம்பி பிரஷ். கீலுக்கு அடியில், வெல்டிங் மடிப்பில், கேட்டின் அடிப்பட்டையில்தான் தண்ணீர் தேங்கித் துரு உள்ளே போயிருக்கும், நேரம் அங்கேதான் செலவாக வேண்டும். கெட்டியாக ஒட்டியிருக்கிற பழைய பெயிண்டை உரித்தெடுக்கத் தேவையில்லை, 220 நம்பர் தாளில் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும்.

பழைய பெயிண்ட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கேட், ஜன்னல் கம்பி எதுவானாலும் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். காய்ந்த நிலையில் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, கீழே விழுகிற சேற்றைச் செய்தித்தாளில் ஒற்றியெடுத்துக் கட்டிப் போடுங்கள். குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் இந்த வேலை வேண்டாம்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில் கடைசிக் கழுவலுக்கு மட்டும் காவிரித் தண்ணீர் ஒரு குடம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பு தங்கினால் பெயிண்டுக்கு அடியிலேயே துரு பூக்கும். கழுவியதும் துடைத்து உலர்த்தி, அன்றைக்கே பிரைமர். ராத்திரி தாண்டினால் வெறும் இரும்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு படலம் வந்துவிடும், மறுபடி தேய்க்க வேண்டியதுதான். பிரைமரை முதலில் ஓரங்களிலும் வெல்டிங் மேலும் தனியாக ஒரு கை ஓட்டிவிட்டு, பிறகு முழுவதும் அடியுங்கள், ஏனென்றால் கூரான விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் இழுத்துக்கொள்ளும், துரு தொடங்குவதும் அங்கேதான். மெல்லியதாக 2 கோட்டிங், நடுவே லேசாக ஒரு தேய்ப்பு.

எப்போது அடிப்பது என்பது சேலத்துக்கு ஒரு மாதிரி, ஏற்காட்டுக்கு வேறு மாதிரி. கீழே ஏப்ரல், மே வெயிலில் மதியம் கேட்டைத் தொட முடியாது. அந்தச் சூட்டில் பெயிண்ட் பரவுவதற்குள் தின்னர் பறந்துவிடும், பிரஷ் கோடு அப்படியே உறைந்துவிடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் பிரச்சினையே வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம், மூடுபனி எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரும். ஈரம் படிந்த இரும்பில் அடித்த பெயிண்ட் பிடிக்காது, காயாத எனாமல் மேல் பனி இறங்கினாலோ பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்துவிடும். மழை ஓய்ந்த பிப்ரவரி, மார்ச்சில் வெயில் நன்றாக ஏறிய பின் ஆரம்பித்து, மதியம் 2, 3 மணிக்குள் பிரஷைக் கழுவிவிடுவது நல்லது. சந்தேகமாக இருந்தால் ஈரத்துணியால் ஒரு இடத்தைத் துடைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குள் அந்த ஈரம் தானாகக் காய்ந்தால் அடிக்கலாம், காயாவிட்டால் டீ குடிக்கப் போகலாம்.

இப்போது நிறம். அடிக் கோட்டிங்காகக் கருப்போ கரும்பழுப்போ மேட் (பளபளப்பில்லாத) எனாமல், 2 கை. முழுதாகக் காய 2, 3 நாள் விட்டுவிடுங்கள். அடுத்து செம்பு நிற மெட்டாலிக் பெயிண்ட். பொடி வாங்கிக் கலக்குவதாக இருந்தால் கவனம், உண்மையான செம்பு, பித்தளைப் பொடி வெளிக்காற்றில் கறுக்கும், பச்சை பூக்கும். மைக்கா பொடியில் செய்த நிறம் அப்படி மாறாது, வாசலுக்கு அதுதான் சரி. பழைய, முடி விறைத்த பிரஷ் ஒன்றை எடுத்து நுனியில் மட்டும் பெயிண்ட் தொட்டு, செய்தித்தாளில் ஏறக்குறைய முழுவதையும் துடைத்துவிடுங்கள். தாளில் நிறம் வராத அளவுக்கு வந்ததும், பூ வேலையின் மேல் குறுக்காக லேசாக உரசுங்கள். முதல் நான்கைந்து உரசலில் ஒன்றுமே தெரியாது. அவசரப்பட்டு மறுபடி டப்பாவில் தொட வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக மேடு எழுந்து வரும். கை படுகிற இடங்கள், கைப்பிடி, தாழ்ப்பாள், முனை இவற்றில் கூடுதலாகவும் அடிப்பகுதியில் குறைவாகவும் கொடுங்கள். நிஜச் செம்பு அப்படித்தான் தேயும்.

களிம்புப் பச்சை வேண்டுமென்றால் வெளிச்சுவர் எமல்ஷனில் நீலப்பச்சையைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். கடை ஸ்பாஞ்சைவிட காய்ந்த பீர்க்கங்கூடு இதற்கு நன்றாக வேலை செய்யும், ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழாது. தண்ணீர் வடிந்து தங்குகிற மூலைகளில் மட்டும் ஒற்றி, பாதி காய்ந்ததும் ஈரத்துணியால் மேட்டிலிருந்து துடைத்தெடுங்கள். பத்தில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் பச்சை போனால் பாசி பிடித்த கேட் ஆகிவிடும்.

மேலே நிறமில்லாத கிளியர் கோட் கட்டாயம், வெளியில் நிற்கும் என்று போட்டிருக்கிற மேட் பியூ (பாலியூரிதேன்) வகை. சாதா வார்னிஷ் மஞ்சளாகும். எனாமல் மேல் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரை மட்டும் அடித்துவிடாதீர்கள், அந்தத் தின்னர் அடியில் இருக்கிற எனாமலைச் சுருட்டித் தூக்கிவிடும்.

வீட்டுக்குள் இருக்கிற சின்ன இரும்புச் சாமான்கள், கொக்கி, பழைய கீல், விளக்கு மாட்டும் கம்பி போன்றவற்றுக்குப் பெயிண்டே வேண்டாம். நாட்டு மருந்துக் கடைக் கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்துக் கொதிக்க வைத்து வடிகட்டி, பிசுக்கும் உதிர்கிற துருவும் எடுத்த இரும்பில் பூசுங்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து நீலம் கலந்த கருப்பாக மாறும். லேசாகத் துருவேறிய இரும்பில்தான் கருப்பு நன்றாக இறங்கும். காயவிட்டு 2, 3 தடவை பூசி, பொருளை லேசாகச் சூடாக்கி தேன்மெழுகு தேய்த்துத் துணியால் துடையுங்கள். எந்த டப்பா கருப்பும் இந்த ஆழத்துக்கு வராது என்பது என் அபிப்பிராயம். ஆனால் மழை படுகிற இடத்துக்கு இது தாங்காது.

தின்னர், எனாமல் நனைந்த துணிகளை மூலையில் குவித்து வைக்காதீர்கள், எண்ணெய்ப் பெயிண்ட் துணி காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்தோ போடுங்கள். செம்பு பெயிண்டில் ஒரு சின்னக் குப்பி மிச்சம் வையுங்கள், வண்டி ஹேண்டில்பார் உரசுகிற இடம் அடுத்த வருடம் கேட்கும்.