குமரியில் வீடு, திருவனந்தபுரத்தில் வேலை: ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்ததும் குமரி மாவட்டத்து வீடுகளில் முதலில் எழும் கேள்வி, அங்கே வாடகைக்குப் போவதா, இங்கிருந்தே தினமும் போய்வருவதா என்பதுதான். போய்வரலாம். ஆயிரக்கணக்கானோர் போய்வருகிறார்கள். ஆனால் எந்த ஊரில் இருந்துகொண்டு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது பழகிப்போகும், இல்லாவிட்டால் ஆளையே உருக்கிவிடும்.

கிலோமீட்டரை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வேலை செய்யும் இடம்வரை எத்தனை முறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். உட்கார்ந்து போகும் ஒன்றரை மணி நேரத்தை உடம்பு தாங்கும். மூன்று வண்டி மாறிப் போகும் ஒரு மணி நேரத்தைத் தாங்காது.

படி 1: வேலை நகரத்தின் எந்தப் பக்கம்?

தலைமைச் செயலகம், பாளையம், தம்பானூர் பகுதி என்றால் ரயில்தான் உங்கள் வழி. சென்ட்ரல் ஸ்டேஷன் இருப்பதே தம்பானூரில். மெடிக்கல் காலேஜ், மண்டலப் புற்றுநோய் மையம், ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் ஆகியவை ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. தம்பானூரில் இறங்கி இன்னொரு பேருந்து ஏற வேண்டும். ஐ.டி. வளாகமான டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டம் நகரத்தின் வடகோடி. விழிஞ்ஞம் துறைமுகமோ தென்கோடிக் கடற்கரை. இந்த நான்குக்கும் ஒரே ஊர் பொருந்தாது. ‘திருவனந்தபுரத்துக்குப் பக்கம்’ என்று யாராவது இடம் காட்டினால், அந்த நகரத்தின் எந்த மூலைக்குப் பக்கம் என்று கேளுங்கள்.

படி 2: ரயிலா, சாலையா?

கன்னியாகுமரி–திருவனந்தபுரம் ரயில் பாதை 1979-இல் திறக்கப்பட்டது. ஒற்றைப் பாதையாகப் போடப்பட்டது. இரட்டைப் பாதைப் பணி முழுதாக முடியும்வரை எதிர்வண்டிக்கு வழிவிட (கிராசிங்) நின்று போவதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கால அட்டவணை சொல்லும் நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துத் திட்டமிடுவது நல்லது.

சாலை என்றால் பழைய தேசிய நெடுஞ்சாலை மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் போகிறது. வழிநெடுகச் சந்தைகளும் சந்திப்புகளும். பாலராமபுரம் சந்திப்பைக் காலையில் கடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழக–கேரள எல்லையை ஒட்டிய காரோடு என்ற ஊரிலிருந்து கழக்கூட்டம்வரை போகும் புறவழிச்சாலை நிலைமையை மாற்றிவிட்டது. விழிஞ்ஞம், கோவளம் ஓரமாகச் சென்று, நகரத்துக்குள் நுழையாமலே டெக்னோபார்க் பக்கம் கொண்டு விடுகிறது. திருவல்லத்தில் சுங்கச்சாவடி உண்டு. கார் வைத்திருப்பவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படி 3: ஊர்களைப் பொருத்திப் பாருங்கள்

நாகர்கோவில் ரயிலில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தூரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இங்கிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ புறப்படும் வண்டிகளில் இடம் கிடைக்கும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். குழித்துறையில் ஏறுபவர் நின்றுகொண்டு வரும்போது நாகர்கோவிலில் ஏறியவர் ஒரு தூக்கம் போட்டிருப்பார். ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ஸ்டேஷன்கள் இருப்பதால், வீட்டை எதற்கு அருகே பார்ப்பது என்பதையும், உங்கள் வண்டி எதில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். நகர மையத்தில் வேலை, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி, பெரியவர்களுக்கு மருத்துவமனை என்று கேட்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே.

தக்கலை வாழ அருமையான ஊர். குறை ஒன்றுதான்: ரயிலுக்கு இரணியல் போக வேண்டும். இருசக்கர வாகனம் இருந்தால் தக்கலையைத் துணிந்து பாருங்கள், இல்லாவிட்டால் யோசியுங்கள்.

மார்த்தாண்டம்–குழித்துறைதான் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது. ரயிலில் 40 கிலோமீட்டருக்குள். எக்ஸ்பிரஸ் வண்டிகள் பலவும் குழித்துறையில் நிற்கும். பள்ளியாடி, குழித்துறை மேற்கு போன்ற சிறிய ஸ்டேஷன்களில் பாசஞ்சர்தான். ஸ்டேஷன் மார்த்தாண்டம் கடைவீதியிலிருந்து தள்ளியிருக்கிறது. ஆகவே கடைவீதிக்குப் பக்கத்து வீட்டைவிட ஸ்டேஷன் பக்கத்து வீடு உங்களுக்கு அதிகம் உதவும்.

களியக்காவிளையிலிருந்து கேரள அரசுப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. பாறசாலை ஸ்டேஷனும் எட்டும் தூரம். மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளைவரை சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எல்லை தாண்டினால் டிக்கெட் எடுக்க வேண்டும்.

கொல்லங்கோடு பக்கம் விழிஞ்ஞத்திலோ கழக்கூட்டத்திலோ வேலை செய்பவர்களுக்கு ஏற்றது. ஆனால் கடலை ஒட்டிப் போகப் போகக் கிணற்று நீரைக் குடித்துப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள். நீரோடி, வள்ளவிளைக் கரையில் கடலரிப்பு வீடுகள்வரை வந்திருக்கிறது.

படி 4: ஒரு வாரம் ஒத்திகை

வீடு பார்ப்பதற்கு முன் உறவினர் வீட்டில் தங்கியாவது ஒரு வாரம் போய்வாருங்கள். காலைப் பயணம் எல்லோருக்கும் சரியாகவே அமையும். திரும்பி வருவதில்தான் ஊரின் குணம் தெரியும். வேலை முடிய ஒரு மணி நேரம் தாமதமானால் அடுத்து எந்த வண்டி, அது உங்கள் ஸ்டேஷனில் நிற்குமா, இறங்கிய பிறகு அந்நேரத்தில் ஆட்டோ உண்டா என்று மூன்றையும் நேரில் பாருங்கள். இரவுப் பணி இருந்தால் அலுவலக வண்டி எல்லை தாண்டி வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

போய்வருவதென்று முடிவானால் சீசன் டிக்கெட் எடுங்கள். இரண்டாம் வகுப்பு மாதச் சீசனுக்கு ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணக் கட்டணம்தான் ஆகும். ஆனால் முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது. சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு.

படி 5: மழையும் ஹர்த்தாலும்

நமக்கு இரண்டு பருவமழை. 2021 நவம்பர் மழையில் பாறசாலை, குழித்துறை, இரணியல் பகுதிகளில் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில்கள் ரத்தாயின. குழித்துறையில் தாமிரபரணி பெருகினால் சப்பாத்து என்னும் தரைப்பாலம் மூழ்கிவிடும். கேரளத்தில் ஹர்த்தால் (முழுக் கடையடைப்பு) என்றால் நம் பேருந்துகள் களியக்காவிளையோடு நின்றுவிடும். ரயில், சாலை இரண்டும் கைக்கெட்டும் ஊர் உங்களைக் காப்பாற்றும். மார்த்தாண்டம் வட்டாரம் மற்றவற்றை முந்துவது இந்த இடத்தில்தான்.

படி 6: முதலில் வாடகை, பிறகு சென்ட்

ஒரு மழைக்காலம் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள். நிலம் வாங்கும் எண்ணம் வந்தால் பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் வழக்கறிஞரிடம் காட்டுவீர்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே வீடுகள் ரப்பருக்கும் தென்னைக்கும் நடுவே விளைகளுக்குள், அதாவது தோட்டங்களுக்குள், இருக்கின்றன. பலவற்றுக்குப் பாதை அடுத்தவர் நிலம் வழியாகத்தான். வண்டிப் பாதை உரிமை பத்திரத்தில் அகலத்தோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘காலங்காலமா இந்த வழியாத்தான் போறோம்’ என்ற வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.