"அடுத்த தடவையும் வருவீங்களா?" என்று கேட்டால் போதாது

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ரத்ததான முகாம் நடத்துபவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, நாங்களும் செய்தோம். ரத்தம் கொடுத்துவிட்டு ஜூஸும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருப்பவரிடம் போய் "அடுத்த தடவையும் வருவீங்களா?" என்று கேட்பது. யார் இல்லை என்பார்கள்? அடுத்த முகாமில் தெரிந்த முகம் சிலதுதான்.

கேட்க வேண்டியது மூன்று. ரத்ததானம் பற்றி என்ன நினைக்கிறார், எவ்வளவு பதற்றம், மறுபடி வர முடியும் என்று எவ்வளவு தைரியமாகச் சொல்வார். மூன்றையும் ஒரே கேள்வியில் திணிக்காதீர்கள்.

முதலாவது சுலபம், அதனாலேயே அதிகம் உதவாது. 'பயனற்றது – பயனுள்ளது' என்று 1 முதல் 7 வரை வட்டமிடச் சொன்னால் எல்லோரும் 7 போட்டுவிடுவார்கள், ஆளுக்கு ஆள் வித்தியாசமே தெரியாது. கூடவே 'எனக்குப் பிடிக்காத அனுபவம் – பிடித்த அனுபவம்' என்றும் ஒரு வரி வையுங்கள். எண்கள் அங்கேதான் பிரியும்.

பதற்றத்தை ஊசி போடுவதற்கு முன்பு, வரிசையில் நிற்கும்போதே கேளுங்கள். எல்லாம் முடிந்தபிறகு கேட்டால் "அப்படி ஒண்ணும் பயமில்லை" என்றுதான் வரும். உளவியலாளர் ஸ்பீல்பெர்கரின் பதற்ற அளவுகோலுக்கு 1992-ல் வந்த ஆறு கேள்விச் சுருக்கம் முகாமுக்குப் போதும், ஆனால் அதோடு ஊசி, ரத்தத்தைப் பார்ப்பது, மயக்கம் என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் மருந்து வேறு வேறு. மயக்கத்துக்குப் பயப்படுபவருக்கு முன்கூட்டியே அரை லிட்டர் தண்ணீர் கொடுத்து, கால் தசைகளை இறுக்கித் தளர்த்தச் சொல்லித் தரலாம். ஊசிக்குப் பயப்படுபவரிடம் போய்த் தண்ணீர் குடி என்றால் என்ன பிரயோஜனம்?

ஒரு எச்சரிக்கை. "நான் பதற்றமாக இல்லை" என்று எதிர்மறையாக எழுதாதீர்கள். அதற்கு ஒருவர் "ஆமா" என்கிறார், இன்னொருவர் "இல்லை" என்கிறார், இரண்டுபேரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள்! "நிதானமாக இருக்கிறேன்" என்று எழுதினால் தீர்ந்தது. அப்புறம், வீட்டில் படுகு பேசும் பெரியவர்களுக்கு அந்த மொழி தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டட்டும். ஊசி போட்ட நர்ஸ் மட்டும் வேண்டாம், அவர் முகத்தைப் பார்த்து நல்லதாகத்தான் சொல்வார்கள்.

என் கணக்கில் முக்கியமானது மூன்றாவது. உளவியலாளர் பாண்டுரா சொன்ன மாதிரி 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள், ஆனால் "மறுபடி கொடுக்க முடியுமா?" என்று மொட்டையாகக் கேட்காமல், நம் ஊர்த் தடங்கல்களை வரிசையாக வையுங்கள்: எஸ்டேட்டில் தேயிலை பறிப்பு நாளாக இருந்தாலும்? மழையில் பஸ் வராவிட்டாலும்? போன தடவை தலை சுற்றியிருந்தாலும்? வீட்டில் வேண்டாம் என்றாலும்? ரத்ததானம் புனிதம் என்று 7 போட்டவரே பறிப்பு நாளுக்கு 20 போடுவார், ஒரு நாள் கூலி போனால் வீட்டில் யார் பதில் சொல்வது.

ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் மனம் சுணங்கிப் போகிறார்கள், அதை யாரும் அளப்பதே இல்லை.

தாளில் பெயர் வேண்டாம். போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், அம்மா பெயரின் முதல் எழுத்து போதும். அதே குறியீட்டைப் பதிவேட்டிலும் போட்டுவையுங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு நடக்கும் முகாமில் யார் உண்மையில் வந்தார்கள் என்று பார்த்து, பழைய மதிப்பெண்களோடு ஒப்பிடுங்கள். வராதவர்களிடம் போனில் காரணம் கேட்பதாக இருந்தால் சாயங்காலம் கூப்பிடுங்கள், காட்டில் இலை பறிக்கிற நேரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள், சிக்னலும் கிடைக்காது.